பலகைக்கு அடியில் அரை மூட்டை நெல்

1981, தை மாதம். காரைக்காலில் அரசலாறு கடலோடு சேரும் இடத்துக்குச் சற்று மேற்கே, கரையோரமாகக் கட்டிப்போட்டிருந்த ஒரு மரப்படகில் நானும் என் கணவரும் குடித்தனம் செய்துகொண்டிருந்தோம். மீன் பிடிக்கவும் இல்லை, சரக்கு ஏற்றவும் இல்லை. கரையை ஒட்டியே தெற்கே தூத்துக்குடி வரை போய், வழியில் ஊர் ஊராக நின்று பார்த்துவிட்டு, சித்திரையில் திரும்பி வருவது. திட்டம் அவ்வளவுதான். எதற்கு என்று கேட்டவர்களிடம் "சும்மாதான்" என்று சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. ஏதோ கடத்தல் என்றுகூடப் பேசிக்கொண்டார்களாம். அப்படியிருந்தால் நான் ஏன் ஒரே ஸ்டவ்வில் சோறும் குழம்பும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கிடக்கிறேன்?

என் கணவர் பிரெஞ்சுக் கடற்படையில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப் பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. ஆனால் அவர் லீவில் வந்த நாட்களை எல்லாம் கூட்டினால் இரண்டு வருடம்கூடத் தேறாது. மற்ற நாளெல்லாம் நான் தலத்தெருவில் மாமியார் வீட்டில் இருந்தேன். ஒரே மகள் பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்ததும் எல்லா சொல்தாக்களையும் போல நிலமோ வீடோ வாங்குவார் என்று பார்த்தால், நாகப்பட்டினத்தில் யாரோ கழித்துக் கட்டிய முப்பத்திரண்டு அடி மீன்பிடி லாஞ்சை வாங்கி வந்து நிறுத்தினார். என் பிறந்த வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குப் பிறந்த ஊர் போலகம். நெல்லும் உளுந்தும் போடுகிற குடும்பம். கடல் பக்கத்தில்தான், ஆனாலும் கல்யாணத்துக்கு முன்னால் நான் கடலைப் பார்த்தது மாசி மகத்துக்கு மட்டும். அதனால் முதலில் எனக்கும் பயம்தான். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் படகைப் பார்த்த அன்றைக்கு எனக்குக் கடல் ஞாபகம் வரவில்லை. ஒரு கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள், உள்ளே நாங்கள் இரண்டு பேர். அதுதான் தெரிந்தது. என் முதல் தனிக்குடித்தனம்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் படகு கரையில், கீற்றுப் பந்தலுக்கு அடியில் இருந்தது. மழை கொட்டியது. நாகப்பட்டினத்திலிருந்து படகுத் தச்சர் ஒருவர் வந்து வேலை பார்த்தார். படகுத் தச்சரை ‘ஓடாவி’ என்பார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள சந்தில் பஞ்சைத் திணித்து, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார். அந்தப் பஞ்சைத் திரியாகத் திரிக்கிற வேலை எனக்கு. விளக்குத் திரி திரித்துப் பழகிய கைதானே, ஓடாவியே மெச்சிக்கொண்டார். அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டியதில் இரண்டு நகம் போனது. என் கணவர் இன்ஜினைக் கழற்றி ஒவ்வொரு திருகாணியையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் வரிசையாக அடுக்கி வைப்பார். அவர் கப்பலில் என்ன வேலை பார்த்தார் என்பதைப் பதினைந்து வருடம் கழித்து அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். நல்ல வேலைக்காரர். வாய்தான் கொஞ்சம் அதிகம்.

மார்கழிக் கடைசியில் படகை ஆற்றில் இறக்கினோம். இறக்கிய அரை மணி நேரத்தில் உள்ளே தண்ணீர் வர ஆரம்பித்தது. நான் கரைக்குத் தாவப் பார்த்தேன். அவர் சிரித்தார். மரப்படகு கரையில் காய்ந்து கிடந்தால் பலகை சுருங்கியிருக்குமாம். தண்ணீரில் ஊற ஊறப் பலகை பருத்து, சந்து தானாக அடைபடுமாம். அதுவரை கைப்பம்பால் அடித்து வெளியே தள்ள வேண்டும். முதல் நாள் முந்நூறு அடி அடித்தோம். ஒரு வாரத்தில் அது நூறு ஆனது. அப்புறம் இருபது. தினமும் காலையில் எத்தனை அடிக்குப் பம்பு வறண்டது என்று அவர் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். பத்துக்குக் கீழே வந்த அன்றைக்குத்தான் படகிலேயே குடியேறினோம்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். சந்தோஷமான சிரிப்பு. முன்பக்கத்து அறையில் இரண்டு பக்கமும் முழங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இரண்டு படுக்கை. நடுவில் நடக்கிற பலகை. நடுப்பகுதியில் ஸ்டவ், அதைச் சுற்றிப் பாத்திரம் நழுவாமல் இருக்க ஒரு மரச்சட்டம். லாஞ்ச் ஏதாவது பக்கத்தில் போனால் ரசம் ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்க்கும். குளிக்கவும் மற்றதற்கும் கரையில் செய்திருந்த ஏற்பாட்டைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒற்றைப் பலகையில் கரைக்கும் படகுக்கும் நடக்கப் பழகிவிட்டேன். பயணத்துக்கென்று மேல்தளத்தில் வடகம் பிழிந்து காயவைத்தேன். அவர் அங்கே பெயின்ட் அடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வடகம் எடுக்க வந்தபோது பெயின்டும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு நடந்த சண்டை அக்கரை வரை கேட்டிருக்கும்.

அவருக்கு எல்லாமே சட்டம். இது வீடு இல்லை, கப்பல் என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். படகில் ஏறும் ஒவ்வொரு சாமானும் அவர் பிரெஞ்சில் எழுதிய பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாதது ‘ஆன்தெர்தி’. அப்படியென்றால் தடை என்று அர்த்தமாம். என் அம்மி ஆன்தெர்தி. இரண்டாவது டிரங்குப் பெட்டி ஆன்தெர்தி. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆன்தெர்தி, நடக்கிற பலகைக்கு அடியில் இருக்கும் பள்ளம். அங்கே ஒரு துரும்புகூடப் போடக் கூடாது.

அதற்குக் காரணமும் சொல்லியிருந்தார். படகுக்கு விலா எலும்பு மாதிரி அடியில் குறுக்குக் கட்டைகள் இருக்கும். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. எங்கே தண்ணீர் கசிந்தாலும் அந்த ஓட்டைகள் வழியாகப் பின்பக்கம் ஓடி, பம்பு இருக்கும் குழிக்கு வந்து சேரும். வயலுக்கு வயல் தண்ணீர் வடிய வரப்பில் வைக்கிற வடிமடை மாதிரி என்று நானே மனசில் போட்டுக்கொண்டேன். புரிந்ததுதான். புரிந்தும்தான் செய்தேன்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். போலகத்திலிருந்து என் அண்ணன் சைக்கிளில் வந்தார். கேரியரில் அரை மூட்டை நெல். விதைக்கென்று எடுத்து வைத்திருந்த குறுவை நெல், பதரே இல்லாமல் தூற்றியது. எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்குக் குடி போகும்போது விளக்குப் பக்கத்தில் மரக்கால் நிறைய நெல் வைப்பது வழக்கம். என் அண்ணன் இந்தப் படகை வீடு என்று ஒத்துக்கொண்டதே எனக்குப் பெரிய விஷயம். முதலில் அதன் பக்கமே வராமல் இருந்தவர்.

என் கணவர் மூட்டையைப் பார்த்தார்.

"என்ன மச்சான் இது?"

"குடி போற எடத்துல நெல்லு இல்லாம என் தங்கச்சி எப்புடி மாப்ள இருப்பா? ஒரு மரக்கா வெளக்குக்கிட்ட வச்சிட்டு மிச்சத்த உள்ள போட்டு வைங்க."

"கடல்ல நெல்ல வச்சுக்கிட்டு என்ன பண்றது? யாரு குத்துறது? அரிசின்னாலும் ஒரு அர்த்தம் இருக்கு. இதெல்லாம் ஏத்த முடியாது மச்சான். தலத்தெரு வீட்டுல போட்டுடலாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். காபிகூட வேண்டாம் என்று, மூட்டையைக் கரையில் பந்தலுக்குள் வைத்துவிட்டு சைக்கிளைத் திருப்பிவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பதினைந்து வருடம் இன்னொருத்தர் வீட்டில், இன்னொருத்தர் விளக்கை ஏற்றியவள் நான். எனக்கென்று ஒரு குடித்தனம் வைத்து, அதற்கு என் பிறந்த வீட்டு நெல் வந்தால், பட்டியலில் இல்லையாம்!

மறுநாள் அவர் கயிறு வாங்க நாகப்பட்டினம் போனார். நான் பழைய வேட்டியைக் கிழித்து ஐந்து முடிச்சாக நெல்லைக் கட்டினேன். முன்பக்கத்து அறையில் நடக்கிற பலகையைத் தூக்கி, பள்ளத்தில் குறுக்குக் கட்டைகளுக்கு நடுவே ஐந்தையும் அமுக்கி வைத்தேன். பள்ளம் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. இங்கே எங்கே தண்ணீர் வரப்போகிறது என்று தோன்றியது. பலகையைப் போட்டு, அதன் மேல் என் டிரங்குப் பெட்டியை இழுத்து வைத்தேன். சாயங்காலம் அவர் வந்து மூட்டை எங்கே என்றார். தலத்தெருவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன் என்று கூசாமல் சொன்னேன். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம். காலுக்குக் கீழே நெல் இருக்கிறது என்பதே ஒரு தெம்பாக இருந்தது.

புறப்பட நாள் பார்த்து, ஒரு புதன்கிழமைக் காலை என்று முடிவானது. எங்களோடு மண்டபத்தூர்க்காரர் ஒருவரும் வருவதாக ஏற்பாடு. கோடியக்கரை தாண்டி அந்தக் கடலை உள்ளங்கை மாதிரி அறிந்த மீனவர். என் கணவரைப் பிரெஞ்சு மரியாதையில் ‘முசே’, அதாவது ஐயா என்றும் என்னைத் ‘தங்கச்சி’ என்றும் கூப்பிடுவார். என் கணவர் நாகப்பட்டினத்தில் நிற்காமல், கரையைவிட்டுக் கொஞ்சம் விலகி நேராகக் கோடியக்கரையைச் சுற்றிப் போவதாகக் கணக்குப் போட்டிருந்தார். காற்று ஒத்துழைக்காவிட்டால் மூன்று நாள்கூடக் கரை ஏற முடியாமல் போகலாம். அதனால்தான் அவருக்குத் தண்ணீர்த் தொட்டி மேல் அவ்வளவு அக்கறை.

அந்தத் தொட்டி அவரே இரும்புத் தகட்டை வெட்டி, வெல்டிங் வைத்துச் செய்தது. இருபது குடம் பிடிக்கும். கரையில் வைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பிச் சோதித்துப் பார்த்துவிட்டு, படகில் என் படுக்கைக்கு அடியில் வைத்து முடுக்கினார். புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, நானும் அவருமாகக் கரையில் இருந்த அடிபம்பிலிருந்து இருபது குடம் சுமந்து நிரப்பினோம். நிரப்பியதும் மூடியைப் போட்டுப் பன்னிரண்டு திருகாணியையும் இறுக்கினார். குழாயில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார்.

"கெளம்புற வரைக்கும் இதத் தொடக் கூடாது. இது கடல் தண்ணி. அன்னன்னைக்கு வேண்டியத குடத்துல கொண்டா."

கடலுக்கான தண்ணீரைத்தான் ‘கடல் தண்ணி’ என்றார். நானும் தொடவில்லை. அந்த ஒரு சட்டத்தையாவது ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்பு அடித்தால் ஒரு சொட்டுகூட வரவில்லை. திங்கட்கிழமையும் அப்படியே. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, பலகை ஊறிக் கட்டிக்கிச்சு! என்னா வேல பாத்திருக்காரு ஓடாவி" என்று நோட்டில் பெரிய சைபர் போட்டு அதைச் சுற்றி வட்டமும் போட்டார். அந்தச் சந்தோஷத்தில் என்னைப் பாயசம் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

திங்கள் மத்தியானம் முன்பக்கத்து அறையில் சேலை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வாசனை வந்தது. லேசான புளிப்பு, லேசான இனிப்பு, கூடவே ஒரு வெதுவெதுப்பு. முதலில் வடகம் பூசணம் பிடித்துவிட்டதோ என்று டப்பாவைத் திறந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அவரைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். "தாரு வாசம். புதுப் பெயின்டு வாசம்" என்றார். வாழ்நாளெல்லாம் டீசலை முகர்ந்த மூக்கு.

ஆனால் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு தடவை வருகிற வாசனை அது. விதை நெல்லை ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி வைப்பார்கள். ஒரு நாள் விட்டு மறுநாள் சாக்குக்குள் கையை விட்டால் உள்ளே சூடாக இருக்கும். வெள்ளையாய் முளை குத்தும். அப்போது வருகிற வாசனை. என் காலுக்குக் கீழே, காய்ந்த பள்ளத்தில், நெல் முளைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அங்கே தண்ணீர் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தபிறகு நான் என்ன செய்தேன்? டிரங்குப் பெட்டியை இன்னும் கொஞ்சம் தள்ளி, பலகைச் சந்தின் மேல் நன்றாகப் படும்படி வைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. பலகையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். அவர் அங்கேயே இன்ஜின் பக்கம் உட்கார்ந்திருந்தார். தூக்கினால் நெல் தெரியும், நெல்லோடு பொய்யும் தெரியும். ஏதோ மழைத் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கும், கடலில் வெயில் பட்டால் காய்ந்துவிடும், வழியில் எங்காவது அவர் இறங்கும்போது எடுத்துப் போட்டுவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை முழுக்க அதே சமாதானம். வாசனை மட்டும் சமாதானமாகவில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் கரையில் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். தலத்தெருவிலிருந்து மாமியார் வந்திருந்தார். என் அண்ணனும் வந்திருந்தார், மூட்டையை மறந்து, இரண்டு தார் வாழைப்பழத்தோடு. மண்டபத்தூர்க்காரர் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்தார். என் கணவர் இன்ஜினைக் கிளப்பினார். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் மண்டபத்தூர்க்காரர் பழக்கத்தில் பம்புக் கைப்பிடியை நாலு அடி அடித்தார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி அடித்தார்.

"என்ன முசே, ஒண்ணுமே வரல?"

"கட்டிக்கிச்சுண்ணே. நாலு நாளா சைபர்" என்றார் என் கணவர் பெருமையாக.

அவர் சிரிக்கவில்லை. "மரப் படகுன்னா நாலு சொம்பு தண்ணியாச்சும் வரணும் முசே. ஒண்ணுமே வராத படக நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியை இன்னும் இரண்டு அடி அடித்துப் பார்த்தார். அப்புறம், "சரி, முசே சொன்னா சரிதான்" என்று முன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

அந்த மனுஷனுக்கு வீட்டில் நாலு பிள்ளைகள். எங்களை நம்பி ஏறியிருந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது சொன்னால் நாற்பது பேர் முன்னால் மானம் போகும். என் அண்ணன் கேட்டுக்கொண்டு நிற்பார். என் கணவர் என்ன சொல்வார் என்று நினைக்கவே முடியவில்லை. சொல்லாவிட்டால்?

"ஏங்க, கயித்த அவுக்காதீங்க" என்றேன். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. கத்தினேன். "இன்ஜின நிறுத்துங்க! முன்னாடி தண்ணி நிக்கிது. பலகைக்கு அடியில நான் நெல்ல வச்சிருக்கேன். அது மொளச்சிருச்சு!"

இன்ஜின் நின்றது. கரையிலும் பேச்சு நின்றது. என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது கோபமா, ஒன்றும் புரியாத பார்வையா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் படுக்கையில் வைத்தார். பலகையைத் தூக்கினார்.

பள்ளம் நிறையத் தண்ணீர். பலகையைத் தொட இன்னும் நாலு விரல்கடைதான் பாக்கி. வேட்டி முடிச்சுகள் ஊதி வெடித்து, தண்ணீருக்கு மேலே தெரிந்த நெல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாய் முளைவிட்டு, வேர் ஒன்றோடொன்று பின்னிப் பாய் மாதிரி கிடந்தது. சிதறிய நெல் குறுக்குக் கட்டையின் ஓட்டைக்குள் போய் ஊறிப் பருத்து, தக்கை அடித்த மாதிரி அடைத்திருந்தது. முன்பக்கத்துத் தண்ணீர் ஒரு சொட்டும் பம்புக்குப் போக வழியில்லை. பெரிய சைபருக்குக் காரணம் ஓடாவி இல்லை, நான்.

"கடலுக்கு நடுவுல இந்தத் தண்ணி ஏறியிருந்தா..." என்று ஆரம்பித்த என் கணவர் முடிக்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். ஆனால் அழுகைக்கு நடுவிலும் அந்த முளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ ஒன்று உறுத்தியது. கருகாமல், வெளிறாமல், எங்கள் வீட்டுச் சாக்கில் முளைப்பதைப் போலவே தளதளவென்று இருந்தது. நாகப்பட்டினம் பக்கத்தில் உப்புத் தண்ணீர் ஏறிய வயலை எல்லாம் பார்த்திருக்கிறேன். தை மாதத்தில் முகத்துவாரத்து ஆற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு.

"ஏங்க, உப்புத் தண்ணியில நெல்லு மொளைக்காதுங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். அதற்குள் மண்டபத்தூர்க்காரர் குனிந்து ஒரு கை அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"முசே, இது நல்ல தண்ணி. ஆத்துத் தண்ணி இல்ல."

என் கணவர் ஸ்பேனரை எடுத்து, என் படுக்கையைப் புரட்டிப் போட்டு, தொட்டி மூடியின் பன்னிரண்டு திருகாணியையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவ்வளவு மெதுவாக அவர் ஒரு திருகாணியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. மூடியைத் தூக்கினால், அடியில் முழங்கை ஆழம்கூட இல்லை. இருபது குடத்தில் ஐந்து குடம் மிஞ்சியிருக்கலாம். படகில் வைத்து முடுக்கும்போது தொட்டி லேசாக முறுக்கிக்கொண்டு, அடி மூலையில் வெல்டிங் விட்டிருக்கிறது. அங்கிருந்து ஐந்து நாளாகச் சத்தமில்லாமல் கசிந்திருக்கிறது. தொட்டித் தண்ணீரின் எடைதான் பள்ளத்துக்கு இறங்கியிருந்தது என்பதால் படகின் மூக்கும் தாழவில்லை. யாருக்கும் சந்தேகம் வர வழியே இல்லை.

மண்டபத்தூர்க்காரர்தான் அதை வாய்விட்டுச் சொன்னார். "அந்த நெல்லு இல்லேன்னா இந்தத் தண்ணி பூரா பம்புக்கு வந்திருக்கும் முசே. படகு கசிவுன்னு நெனச்சு நாமளே காலையில காலையில நல்ல தண்ணிய அடிச்சு ஆத்துல ஊத்தியிருப்போம். கோடியக்கரைக்கு வெளியில போயிக் கொழாயத் தொறந்தாத்தான் தெரிஞ்சிருக்கும்."

கரையிலிருந்து யாரோ "என்னாச்சு?" என்று கத்தினார்கள். என் கணவர் மேல்தளத்துக்குப் போனார். நான் கீழேயே, முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெல்லைப் பற்றி நான் கத்தியது எல்லோருக்கும் கேட்டிருக்கும். இப்போது அவர் சொல்லப்போவதும் கேட்கும்.

"தண்ணித்தொட்டி ஓட்ட. நான் வெல்டிங் வச்சது. என் தப்பு" என்றார் அவர். "என் பொண்டாட்டி கண்டுபுடிச்சா. இன்னிக்குக் கெளம்பல. எல்லாரும் வாழப்பழம் சாப்புட்டுட்டுப் போங்க."

அவ்வளவுதான். நான் பொய் சொன்னதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்று மத்தியானம் நானே எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன், வாசனை வந்த பிறகு இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது உட்பட. அவர் கேட்டுக்கொண்டே ஓட்டைகளிலிருந்து ஒரு கம்பியால் நெல்லைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நான் அன்னைக்கு ஒங்க அண்ணன்கிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஒரு மரக்கா நெல்லு, ஒரு ஓரத்துல இருந்துட்டுப் போவுது" என்று மட்டும் சொன்னார்.

முளைத்த நெல்லை எறிய எனக்கு மனசு வரவில்லை. அண்ணன் இரண்டு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "பாவு போட சரியான பதம் மாப்ள. மோட்டார் தண்ணி இருக்கு, ஒரு மூலையில நாத்து விட்டுப் பாப்பம்" என்றார். தண்ணீருக்குள் அமுங்கி அழுகியது போக மிச்சத்தை ஈரச் சாக்கில் கட்டி, என் கணவரே சைக்கிளில் வைத்துப் போலகம் வரை மிதித்தார். சேற்றில் இறங்கி அண்ணனோடு சேர்ந்து விதைத்தாராம். ஒரு இடத்தில் குவியலாகவும் ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லாமலும் போட்டார் என்று அண்ணன் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்.

தொட்டியைக் கழற்றி, அடியில் புதுத் தகடு வைத்து, படகில் பூட்டிய பிறகு மறுபடி இரண்டு நாள் சோதித்தார். இந்தத் தடவை குழாயில் சிவப்புத் துணி இல்லை. தினமும் காலையில் ஒரு டம்ளர் பிடித்து, மட்டமும் பார்த்தோம். அடுத்த புதன்கிழமை புறப்பட்டோம். இன்ஜினும் காற்றும் ஒத்துழைத்தன. கோடியக்கரையைச் சுற்றும்போது எனக்கு வாந்தி வந்தது, அவருக்கும் வந்தது. கடற்படைக்காரர் வாந்தி எடுத்ததை ஊரில் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். இப்போது எழுதிவிட்டேன். தொண்டியில் நின்றோம், ராமேஸ்வரத்தில் நின்றோம். சித்திரையில் நல்லபடியாகத் திரும்பினோம்.

புறப்பட்ட அன்றைய சமாசாரம் ஒன்று பாக்கி இருக்கிறது. விடிந்ததும் விளக்கு ஏற்றலாம் என்று நான் உள்ளே போனேன். விளக்குப் பக்கத்தில் பால் பவுடர் டின் ஒன்று, மூடி இறுக்கி, கயிற்றால் சட்டத்தோடு கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தது. ஆட்டினால் சலசலவென்று நெல் சத்தம். சுவரில் அவருடைய பிரெஞ்சுப் பட்டியல் தொங்கியது. கயிறு, நங்கூரம், டீசல் என்று ஓடி, எல்லாவற்றுக்கும் கடைசியில், நான் படிக்க வேண்டும் என்பதற்காகவே தமிழில் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘நெல், ஒரு மரக்கால்.’

படகை விற்று எத்தனையோ வருடமாகிவிட்டது. இப்போதும் தலத்தெரு வீட்டில் பச்சைப்பயறு முளை கட்டி, மறுநாள் துணியை அவிழ்க்கும்போது அந்தப் புளிப்பும் இனிப்புமான வாசனை வந்தால், என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி "இன்னிக்கு என்னத்த ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்பார், அவரிடம் சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது எனக்கு எப்படியும் இருக்கும், அடுப்பைத் தணித்துவிட்டுப் போய் அதைச் சொல்லிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பேன்.